நார்தர்ன் சோல் டிஜே ஆவது எப்படி: அரிய '45' ரெக்கார்டுகளைத் தேடி வாங்குவது முதல் ஆடுதளத்தில் போடுவது வரை

1960-களில் அமெரிக்காவில் வெளிவந்து, பெரும்பாலும் அங்கே விலைபோகாமல் தூங்கிய சோல் பாடல்களுக்கு வடக்கு இங்கிலாந்தில் இன்றும் விடிய விடிய ஆடுகிறார்கள். இதற்குப் பெயர் நார்தர்ன் சோல். அந்த ஆட்டத்துக்கு 45, அதாவது நிமிடத்துக்கு 45 சுற்று ஓடும் சின்ன இசைத்தட்டு, போட நினைப்பவர்களுக்கான வழிகாட்டி இது. இந்த ஆட்டத்துக்குப் பேர்போன விகன் கசினோ, ட்விஸ்டட் வீல் ஆகிய கிளப்புகளின் கதை வேறு இடங்களில் நிறையக் கிடைக்கும். இங்கே வேலையை மட்டும் பார்ப்போம்.

புதிதாக வருகிறவர்கள் தடுமாறுவது பெரும்பாலும் வரிசை மாறிப்போவதால்தான். முதலில் ரெக்கார்டு வாங்குகிறார்கள், அப்புறம் அதை ஓட்ட ஒரு டர்ன்டேபிள் தேடுகிறார்கள், கடைசியாகத்தான் ஆடுகிற இடத்துக்கே போகிறார்கள். கீழே உள்ள வரிசை அதற்கு நேர்மாறானது.

1. முதலில் ஆடுதளத்துக்குப் போங்கள்

மான்செஸ்டர், ஸ்டோக், பிளாக்பூல் பக்கம் சோல் நைட் நடக்காத வார இறுதி அபூர்வம். சில மாதங்கள் ரெக்கார்டுப் பெட்டியும் இல்லாமல், பட்டியலும் இல்லாமல் போய் வாருங்கள். முடிந்தால் ஆடுங்கள். கூச்சமாக இருந்தால் தளத்தின் ஓரத்தில் நின்று கால்களைப் பாருங்கள்.

இங்கே ஜோடி சேர்ந்து ஆடுவதில்லை, தனித்தனியாகத்தான் ஆடுகிறார்கள். மரத்தளத்தில் டால்கம் பவுடரைத் தூவிவிட்டு, பக்கவாட்டில் வழுக்கி வழுக்கிப் போவார்கள். பாட்டில் இசை ஒரு கணம் நின்று மறுபடி வெடிக்கிற இடத்தில் சுழல்வார்கள், பின்பக்கமாகத் தரையில் விழுந்து எழுவார்கள். அந்த இடம் எப்போது வரும் என்பது ஆடுபவர்களுக்கு மனப்பாடம்.

இதைக் கண்ணால் பார்க்காமல் ரெக்கார்டு வாங்கினால், வீட்டில் ஹெட்ஃபோனில் உருக வைத்த பாட்டு தளத்தில் படுத்துவிடும். குரல் அருமையாக இருக்கும். ஆனால் தாள அடி சீராக இருக்காது, அல்லது முதல் 30 நொடி பேச்சிலேயே போய்விடும், அல்லது நடுவில் வேகம் தளரும். அடி விடாமல் விழ வேண்டும், தொடக்கத்தைக் கேட்டதும் ஓரத்தில் நிற்பவர் தளத்துக்குள் வர வேண்டும்.

பாட்டின் பெயர் தெரியவில்லையா? டிஜேவிடமே கேளுங்கள். ஆனால் அவர் தன் நேரத்தை முடித்துவிட்டு இறங்கிய பிறகு கேளுங்கள். அடுத்த ரெக்கார்டின் தொடக்கத்தைத் தேடிக்கொண்டிருப்பவரின் தோளைத் தட்டினால் பதிலும் கிடைக்காது, பெயரும் கெடும்.

2. விதியையும் திசையையும் முடிவு செய்யுங்கள்

பல இரவுகளில் ஒரே விதி: அசல் பதிப்பு மட்டும். அந்தப் பாட்டு முதலில் வெளிவந்த காலத்தில் அச்சான ரெக்கார்டாக இருக்க வேண்டும். அமெரிக்கப் பதிப்பும் சரி, அதே காலத்து பிரிட்டிஷ் பதிப்பும் சரி. மறுபதிப்பும் கள்ளப்பதிப்பும் கூடாது. சில இடங்களில் இவ்வளவு கறார் கிடையாது. 1970-களில் முறையாக வெளியான பிரிட்டிஷ் மறுபதிப்புகளை ஏற்பார்கள். நிகழ்ச்சி நடத்துபவரிடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள், மேடையில் வைத்து வாக்குவாதம் வேண்டாம்.

இந்த விதி காசுள்ளவர்களுக்குச் சாதகம் என்று ஒரு புகார் உண்டு. பாதி உண்மை. ஆனால் பாட்டின் அபூர்வத்துக்கும் பதிப்பின் அபூர்வத்துக்கும் உள்ள வித்தியாசம் பிடிபட்டுவிட்டால் குறைந்த காசிலும் நல்ல பெட்டி சேர்க்கலாம்.

டேரல் பேங்க்ஸ் பாடிய 'ஓப்பன் த டோர் டு யுவர் ஹார்ட்' பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 1966-இல் டெட்ராய்ட்டின் ரெவிலாட் என்ற லேபிளில் (வெளியீட்டு நிறுவனத்தில்) வந்து அமெரிக்காவில் நன்றாக விற்றது, அதனால் அந்த அசல் இன்றும் சாதாரண விலைக்குக் கிடைக்கிறது. அதே பாட்டை பிரிட்டனில் 'லண்டன்' என்ற லேபிள் அச்சிட்டு, வெளியிடும் முன்பே திரும்பப் பெற்றது. தப்பிப் பிழைத்த ஒரு பிரதி ஏலத்தில் 14,000 பவுண்டைத் தாண்டியது. ஆடுபவர் காதில் இரண்டும் ஒரே பாட்டு. லண்டன் லேபிளுக்குக் கொடுக்கிற காசு சேகரிப்பவரின் காசு, நீங்கள் அந்தப் பக்கமே போக வேண்டாம்.

ஃபிராங்க் வில்சனின் 'டூ ஐ லவ் யூ' கதையும் அப்படித்தான். டெட்ராய்ட்டின் மோடவுன் நிறுவனத்தின் 'சோல்' என்ற லேபிளுக்காக 1965-இல் அச்சாகி வெளிவராமலே போன அந்த ரெக்கார்டில் மிஞ்சியவை மிகச் சில. ஒரு பிரதி 2009-இல் 25,742 பவுண்டுக்குப் போனது. 1979-இல் மோடவுனின் பிரிட்டிஷ் லேபிளான டாம்லா மோடவுன் பிரிட்டனில் அதை மறுபடி வெளியிட்டது, அது எளிதில் கிடைக்கும். கேட்க அது போதும்.

திசையும் முக்கியம். வேகமாக அடித்து நொறுக்கும் ஸ்டாம்ப்பர்களா, நடுத்தர வேகத்துப் பாடல்களா, 1970-களின் மாடர்ன் சோலா? முதல் 50 ரெக்கார்டுகள் ஏதாவது ஒரு பக்கம் சாய்ந்திருந்தால்தான் உங்களை எந்த அறைக்கு அழைப்பது என்று நடத்துபவருக்குப் புரியும். எல்லாவற்றிலும் நாலு நாலு வைத்திருப்பவரை யாரும் கூப்பிடுவதில்லை.

3. ரெக்கார்டைப் படிக்கப் பழகுங்கள்

இந்தப் பகுதியைத் தாண்டிப் போய்தான் பலர் காசை இழக்கிறார்கள். வாங்கத் தொடங்கும் முன் நண்பர்களின் பெட்டியிலோ கடையிலோ அசல் ரெக்கார்டுகளைக் கையில் எடுத்துப் பழகுங்கள்.

முதலில் பொருள். அமெரிக்க 45-கள் இரண்டு பொருள்களில் வந்தன: வினைல், ஸ்டைரீன். ஸ்டைரீன் கொஞ்சம் லேசாக, விறைப்பாக இருக்கும். நகத்தால் மெதுவாகத் தட்டினால் சத்தம் கூர்மையாக வரும். நடுவில் உள்ள லேபிள் காகிதம் தனியாக ஒட்டியிருக்கும், ஓரம் கிளம்பியிருப்பதும் உண்டு. வினைலில் லேபிள் அச்சோடு சேர்ந்தே பதிந்திருக்கும். வளைத்துப் பார்த்துச் சோதிக்காதீர்கள். ஸ்டைரீன் வளையாது, உடையும்.

இது எதற்குத் தெரிய வேண்டும் என்றால், ஸ்டைரீன் சீக்கிரம் தேயும். தேய்ந்த ஊசியால் ஓட்டிய ஸ்டைரீன் பார்க்கப் பளபளவென்று இருக்கும். ஊசியை வைத்தால் சூடான தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்ததுபோல் சீறும். எந்தக் கழுவலும் அதைச் சரிசெய்யாது. கொலம்பியா குடும்பத்து லேபிள்களான ஓகே, எபிக், டேட் ஆகியவற்றிலும், லாஸ் ஏஞ்சலஸின் மோனார்க் ஆலையில் அச்சானவற்றிலும் ஸ்டைரீன் அதிகம். இவற்றைப் புகைப்படத்தை மட்டும் பார்த்து வாங்காதீர்கள்.

அடுத்து, பாட்டு முடிந்த பின் லேபிளைச் சுற்றி வரும் வெற்றுப் பட்டை. விளக்கைச் சாய்த்துப் பிடித்தால் அதில் எண்களும் முத்திரைகளும் தெரியும். மோனார்க் என்றால் வட்டத்துக்குள் எம்ஆர் என்ற முத்திரையும், முக்கோணத்தை அடுத்து ஒரு எண்ணும் இருக்கும். டெட்ராய்ட் லேபிள்களில் பல, மிஷிகன் மாநிலத்தின் ஒவாஸோ ஊரில் இருந்த அமெரிக்கன் ரெக்கார்டு பிரெஸ்ஸிங் ஆலையில் அச்சானவை. அவற்றில் ஏஆர்பி என்ற சாய்வெழுத்து முத்திரை இருக்கும். அந்த ஆலை 1972-இல் எரிந்துபோனது. அதனால் முத்திரை இருக்க வேண்டிய ரெக்கார்டில் இருந்தால் நிம்மதி, இல்லாவிட்டால் கேள்வி கேளுங்கள்.

கள்ளப்பதிப்புகள் 1970-களிலேயே இந்தக் கூட்டத்தைக் குறிவைத்து அச்சானவை. அவற்றுக்கும் இப்போது 50 வயது ஆகிவிட்டது, பழசாக இருக்கிறது என்பதால் அசல் ஆகிவிடாது. அடையாளங்கள்: முத்திரை இருக்க வேண்டிய இடத்தில் கையால் கீறிய எண், லேபிளில் சின்ன எழுத்துகளின் உள்வட்டங்கள் மை அடைத்து மொழுமொழுவென்று இருப்பது, ஸ்டைரீனாக வந்த ரெக்கார்டு வினைலில் இருப்பது. ஆனால் கையால் கீறிய எண் என்றாலே கள்ளம் என்று முடிவுகட்டாதீர்கள். சின்ன லேபிள்களின் அசல்கள் பலவற்றிலும் எண் கையால்தான் கீறியிருக்கும். 45கேட், டிஸ்காக்ஸ் என்ற இரண்டு ரெக்கார்டு விவரத் தளங்களிலும் அந்தக் குறிப்பிட்ட ரெக்கார்டின் படத்தையும் எண்ணையும் வைத்து ஒப்பிட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

இன்னும் இரண்டு விஷயம். எந்தப் பக்கம் வேண்டும் என்று பாருங்கள், தளத்துக்கான பாட்டு பி பக்கத்தில் ஒளிந்திருப்பது சகஜம். அப்புறம், லேபிளில் பேனாவால் யாரோ பெயர் எழுதிய பிரதியை ஒதுக்காதீர்கள். சேகரிப்பவர்கள் அதை வேண்டாம் என்பதால் விலை இறங்கும். பாட்டுக்கு ஒன்றும் ஆகாது. ரெக்கார்டு போடுகிறவருக்கு இதைவிட நல்ல பேரம் கிடையாது.

4. கருவியைத் தயார்செய்யுங்கள்

ரெக்கார்டு வருவதற்கு முன்பே இது முடிந்திருக்க வேண்டும். கெட்ட ஊசியில் ஒரு முறை ஓடினாலும் சேதம் சேதம்தான்.

டெக்னிக்ஸ் 1200 போல நேரடி மோட்டார் உள்ள டர்ன்டேபிள் போதும், பழசாக இருந்தாலும் பரவாயில்லை. ஊசிமுனை உருண்டையாக இருக்கட்டும். நீள்வட்ட முனை வினைலில் நுணுக்கமாகப் பாடும், ஆனால் பாட்டின் தொடக்கத்தைத் தேட ரெக்கார்டை முன்னும் பின்னும் இழுக்கிற வேலைக்கு ஸ்டைரீனில் அது ஆகாது. ஊசியின் பாரத்தைத் தயாரிப்பாளர் சொன்ன வரம்புக்குள் வையுங்கள். துள்ளுகிறது என்று மேலே நாணயம் ஒட்டுகிறவர்களைப் பார்த்தால் உங்கள் பெட்டியை மூடிக்கொண்டு நகர்ந்துவிடுங்கள்.

அமெரிக்க 45-களின் நடுத்துளை பெரியது, சுமார் 38 மில்லிமீட்டர். அதற்கான அடாப்டர் இரண்டு எப்போதும் பெட்டியில் இருக்கட்டும். அரங்கத்தில் இருக்கும் என்று நம்பிப் போனால் அன்றைக்குத்தான் இருக்காது. இந்தப் பாடல்களில் பெரும்பாலானவை மோனோ (ஒரே ஒலித்தடம்) என்பதால், மிக்ஸரில் மோனோ பொத்தான் இருந்தால் அழுத்திவிடுங்கள், கீறல் சத்தம் ஓரளவு அடங்கும்.

5. இப்போது வாங்குங்கள்

முதலில் சோல் நைட்டிலேயே மேசை போட்டு விற்பவர்களிடம். கையில் எடுத்துப் பார்க்கலாம், சில சமயம் கேட்டும் பார்க்கலாம், அடுத்த மாதமும் அதே ஆள் வருவார் என்பதால் ஏமாற்றுவது குறைவு. அப்புறம் ரெக்கார்டு கண்காட்சிகள். அப்புறம் பட்டியல் அனுப்பும் வியாபாரிகள். இணையம் அதற்குப் பிறகு. அரிய சோல் ரெக்கார்டுகளுக்கான சிறப்பு ஏலங்கள் கடைசி. அங்கே உங்களுக்கு எதிரே ஏலம் கேட்பவர் 30 வருடமாக அந்த ஒரு ரெக்கார்டைத் தேடுகிறவராக இருக்கலாம்.

விலைக்கு பாப்சைக் என்ற இணையதளத்தில் பழைய ஏல முடிவுகளையும், டிஸ்காக்ஸில் விற்பனை வரலாற்றையும் பாருங்கள். கேட்கிற விலையை விடுங்கள், எவ்வளவுக்குப் போயிற்று என்பதுதான் விலை.

ரெக்கார்டின் நிலையைச் சொல்லும் தரக் குறியீட்டில் ஒரு சிக்கல் இருக்கிறது. அமெரிக்க விற்பனையாளர் விஜி பிளஸ் ('வெரி குட் பிளஸ்') என்பது கிட்டத்தட்ட பிரிட்டிஷ்காரர் இஎக்ஸ் ('எக்ஸலன்ட்') என்பதற்குச் சமம். அவர் வெறும் விஜி என்றால் இரைச்சல் தெளிவாகக் கேட்கும். ஸ்டைரீனில் அதை வாங்கவே வேண்டாம். எழுதிக் கேட்க வேண்டியது இவ்வளவுதான்: பார்த்துத் தரம் போட்டீர்களா, ஓட்டிப் பார்த்துப் போட்டீர்களா? தொடக்கத்தில் சீறல் இருக்கிறதா? வெற்றுப் பட்டையில் என்ன எழுதியிருக்கிறது? இந்த மூன்றுக்கும் மழுப்பலாகப் பதில் வந்தால் விட்டுவிடுங்கள்.

அமெரிக்காவிலிருந்து பிரிட்டனுக்கு வரவழைத்தால் தபால் செலவோடு 20 சதவீத வாட் வரியும் சேரும். சில தளங்கள் அதை வாங்கும்போதே வசூலித்துவிடும். இல்லையென்றால் தபால்காரர்கள் தங்கள் கட்டணத்தையும் சேர்த்துக் கேட்பார்கள். 20 பவுண்டு ரெக்கார்டு 40 ஆவது இப்படித்தான்.

6. வந்ததும் செய்ய வேண்டியவை

உடனே ஓட்டாதீர்கள். தூசியோடு ஊசியை இறக்கினால் அந்தத் தூசியே ஊசி ஓடும் பள்ளத்தை உரசும். காய்ச்சி வடித்த நீரும் மென்மையான துணியும் போதும். துடைப்பது பள்ளத்தின் போக்கில் இருக்கட்டும். லேபிள் நனையக் கூடாது, ஸ்டைரீனில் ஒட்டிய லேபிள் கையோடு வந்துவிடும்.

பிறகு முழுவதும் ஒரு முறை கேட்டு, உறையின் மேல் சின்னச் சீட்டில் எழுதுங்கள்: எந்தப் பக்கம், நீளம் எவ்வளவு, எப்படித் தொடங்குகிறது, எப்படி முடிகிறது. வேகத்தையும் குறியுங்கள். 15 நொடிக்கு எத்தனை அடி என்று எண்ணி நான்கால் பெருக்கினால் போதும். லேபிளில் எதையும் ஒட்டாதீர்கள். வெயிலில் நிற்கும் காரில் பெட்டியை விடாதீர்கள், அரை மணி நேரம்கூட.

7. ஒரு மணி நேரத்துக்குப் பெட்டியை அடுக்குவது

பாட்டு ஒவ்வொன்றும் இரண்டரை நிமிடம் என்றால் ஒரு மணிக்கு 22, 23 பாட்டு ஓடும். 50 எடுத்துப் போங்கள். காரணம், உங்களுக்கு முன் போடுபவர் உங்கள் பாட்டுகள் ஐந்தைப் போட்டுவிட வாய்ப்புண்டு. ஒரே இரவில் ஒரே பாட்டு இரண்டு முறை வருவது இங்கே மரியாதைக் குறைவு. அதனால் முன்னதாகவே போய், அவர் போடுவதைக் கேட்டு, வந்த பாட்டைப் பெட்டியின் பின்பக்கம் தள்ளிக்கொண்டே இருங்கள்.

புதியவர்களின் பெரிய பிழை, எல்லாம் உச்ச வேகத்தில் அடுக்குவது. மூன்று ஸ்டாம்ப்பருக்குப் பிறகு 55 வயதுக்காரருக்கு மூச்சு வாங்கும், இந்தத் தளங்களில் அந்த வயதுக்காரர்கள்தான் அதிகம். மூன்று, நான்கு வேகமான பாட்டு, அப்புறம் நடுத்தர வேகத்தில் இரண்டு, பிறகு மறுபடி ஏற்றம். அவர்கள் தண்ணீர் குடிக்கப் போகும் நேரத்தை நீங்களே கொடுத்துவிட்டால் தளம் காலியானது போலத் தோன்றாது.

யாருக்கும் தெரியாத பாட்டு ஒன்று கையில் இருக்கிறது, அதைப் போட்டே ஆக வேண்டும் என்று மனசு துடிக்கும். போடுங்கள். ஆனால் எல்லோரும் ஆடுகிற பாட்டுக்கு அடுத்ததாகப் போடுங்கள், அதன் பின்னால் மறுபடி தெரிந்த பாட்டை வையுங்கள். தளத்தில் ஏற்கெனவே நிற்பவர் தெரியாத பாட்டுக்கும் கொஞ்சம் ஆடிப் பார்ப்பார். உட்கார்ந்திருப்பவர் அதற்காக எழுந்து வரமாட்டார். தெரியாத பாட்டு இரண்டை அடுத்தடுத்துப் போடுவது பெரிய டிஜேக்களின் வேலை, அவர்களுக்கே அது எப்போதும் பலிப்பதில்லை.

உங்கள் நேரம் எப்போது என்பதும் கணக்கில் வர வேண்டும். இரவு 9 மணிக்கு உச்சத்தைத் தொட்டால் அடுத்து வருபவருக்கு ஏறுவதற்கு இடம் இருக்காது. விடிய விடிய நடக்கும் இரவான ஆல்நைட்டரில் ஒன்றைக் கவனியுங்கள். டோபி லெஜண்ட், ஜிம்மி ராட்கிளிஃப், டீன் பேரிஷ் மூவரின் பாடல்கள் விகன் கசினோவில் இரவை முடிக்கும் மூன்று பாட்டாக இருந்தவை. அவற்றை நள்ளிரவில் போட்டால் சிலர் கோட்டை எடுத்துக்கொண்டு கிளம்புவது போலப் பார்ப்பார்கள். கடைசி நேரம் உங்களுடையதாக இல்லாவிட்டால் தொடாதீர்கள்.

8. மேடையில்

ஒரு பாட்டை இன்னொன்றோடு கலக்கும் வழக்கம் இங்கே இல்லை. முன் பாட்டு முழுவதும் முடிய வேண்டும். முடிந்ததும் கைதட்டல் வரும், அந்தக் கைதட்டலுக்கு இடம் விட்டு அடுத்ததைத் தொடங்குங்கள். இரண்டு நொடி போதும். பத்து நொடி ஆனால் தளம் கலையும்.

ஸ்டைரீனில் தொடக்கத்தைத் தேட ரெக்கார்டை முன்னும் பின்னும் இழுத்துக்கொண்டிருக்காதீர்கள். அந்த இழுப்புதான் முதல் சில நொடிகளைச் சீறலாக்குகிறது. ஹெட்ஃபோனில் ஒரு முறை முதல் சத்தத்தைக் கேட்டு, மெதுவாகக் கால் சுற்று பின்னால் தள்ளி, கையால் பிடித்து வைத்து, நேரம் வந்ததும் விடுங்கள்.

வேகக் கட்டுப்பாட்டைப் பூஜ்யத்தில் வையுங்கள். ஆடுபவர்களுக்கு அந்தப் பாட்டு எலும்பில் ஊறியது, ஒரு சதவீதம் கூடினாலும் சுழற்சி தப்பும். ஒலி அளவு மட்டும் ஒவ்வொரு பாட்டுக்கும் மாறும், ஏனென்றால் ஒவ்வொரு லேபிளும் ஒவ்வொரு அளவில் ஒலியைப் பதித்தது. அடுத்த பாட்டைத் தொடங்கும் முன்பே மீட்டரைப் பார்த்துச் சரிசெய்துகொள்ளுங்கள்.

தளம் காலியானால் பாட்டை நடுவில் வெட்டாதீர்கள். இரண்டு நிமிடத்தில் தானே முடியும். வெட்டினால் ஆடிக்கொண்டிருக்கும் நாலு பேரையும் இழப்பீர்கள். ரெக்கார்டு சிக்கிக்கொண்டால் மட்டும் விதிவிலக்கு. அதற்காக ஒரு பழக்கமான பாட்டு எப்போதும் மற்ற டர்ன்டேபிளில் தயாராக இருக்கட்டும்.

மைக்கில் பேசலாம், ஆனால் சுருக்கமாக: பாடியவர், பாட்டு, லேபிள். முன்பெல்லாம் லேபிளை மறைத்து, பாடகருக்குப் பொய்ப்பெயர் சூட்டிப் போடும் வழக்கம் இருந்தது, போட்டி டிஜேக்கள் கண்டுபிடிக்கக் கூடாது என்று. இன்று ஒரு புதியவர் அதைச் செய்தால் எனக்குச் சிரிப்புதான் வருகிறது. யாராவது பெயர் கேட்டால் சொல்லிவிடுங்கள், அவர் அடுத்த முறை உங்கள் நேரத்துக்கு வருவார்.

டால்கம் பவுடர் பட்ட கையோடு யாராவது ரெக்கார்டைப் பார்க்கக் கேட்டால் கொடுக்காதீர்கள், மேலே தூக்கிக் காட்டுங்கள். பத்துப் பாட்டுக்கு ஒரு முறை ஊசி முனையில் பஞ்சு சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். பீர் கோப்பைக்கு மிக்ஸர் இடமில்லை, அது நடத்துபவருடையதாக இருந்தாலும்.

9. மறுநாள்

எந்தப் பாட்டுக்கு யார் எழுந்தார்கள், எதற்கு உட்கார்ந்தார்கள் என்று மறப்பதற்குள் எழுதிவையுங்கள். ஒரு அறையில் படுத்த பாட்டை உடனே விற்காதீர்கள். வேறு ஊரில், வேறு நேரத்தில் இன்னும் ஓரிரு முறை போட்டுப் பாருங்கள். நள்ளிரவில் தோற்ற நடுத்தர வேகப் பாட்டு மாலை 8 மணிக்கு அழகாக உட்காரும்.

அப்புறமும் எடுபடவில்லை என்றால் விற்று, அடுத்ததை வாங்குங்கள். விற்கும்போது ஓட்டிப் பார்த்துத் தரம் போடுங்கள், பட்டையில் உள்ள எண்ணை முழுதாக எழுதுங்கள், சீறல் இருந்தால் எந்தப் பக்கத்தில் எந்த இடத்தில் என்று சொல்லிவிடுங்கள். வாங்குபவர் அடுத்த வாரம் உங்கள் எதிரிலேயே ஆடிக்கொண்டிருப்பார்.